கருங்காட்டுமேட்டுப் பள்ளியின் கீரைக்காடு

அனுப்புநர்
திருமதி ம. அற்புதம்,
க/பெ. (காலஞ்சென்ற) மரியஜோசப்,
ஓய்வு பெற்ற எஸ்டேட் மருந்தக நர்ஸ்,
செயலாளர், மலையடுப்பு உணவு நலச் சங்கம்,
கருங்காட்டுமேடு, தலைச்சோலை வழி,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
சேலம்.

பொருள்: கருங்காட்டுமேடு தொடக்கப் பள்ளியை ஒட்டிய இருபத்திரண்டு சென்ட் நிலத்தில், பிள்ளைகளின் சத்துணவுக்காக எங்கள் சங்கம் வளர்த்து வரும் கீரை, காய், தானியச் செடிகள் ‘களையும் புதரும்’ என்று எழுதப்பட்டு 18.4.1988 அன்று வெட்டப்பட இருப்பதைத் தடுத்து நிறுத்தக் கோருவது – தொடர்பாக.

பார்வை: பள்ளிச் சுவரில் 28.3.1988 அன்று ஒட்டப்பட்ட அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஒரு பக்கத்துக்குள் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத நீண்டுவிட்டது. தங்களுக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்தில் முழுவதையும் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பாதியில் நிறுத்தினால் நான் கீரைக்காகச் சண்டை போடும் கிழவி என்றுதான் தோன்றும்.

1. எங்கள் சங்கம் 1983-ல் பதிவு செய்யப்பட்டது. என்னைத் தவிர உறுப்பினர்கள் இருபத்தேழு பேர். இருபத்தாறு பேர் எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கும் பெண்கள். மிச்சமுள்ள ஒருவர் வெள்ளையன் என்ற மலை விவசாயி. ஆண்களைச் சேர்ப்பதில்லை என்றுதான் முதலில் முடிவு செய்திருந்தோம். ஆனால் எல்லோரும் கைவிட்ட சாமை விதையும் மலை அவரை விதையும் அவர் வீட்டுப் பானையில் மட்டுமே இருந்தன, ஆகையால் சேர்த்துக்கொண்டோம். கடையில் உரம் வாங்காமல், எஸ்டேட் வெளியே கொட்டும் காபிப் பழத்தோலை மக்கவைத்துப் போட்டு, மலைக்கு ஏற்ற பயிர்களை விளைவிப்பதும், 1986 முதல் அதில் ஒரு பங்கைப் பள்ளிப் பிள்ளைகளின் மதியத் தட்டுக்குக் கொடுப்பதும் எங்கள் வேலை. இதில் யாருக்கும் லாபம் கிடையாது.

2. பள்ளியில் அறுபத்து மூன்று பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். அரசு தரும் அரிசியும் பருப்பும் ஒழுங்காக வருகின்றன. அதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. காய்கறிதான் கீழேயிருந்து பஸ்ஸில் வர வேண்டியிருந்தது. அடிவாரத்தில் ஏறும்போது கீரையாக இருப்பது, இருபது கொண்டை ஊசி வளைவும் சுற்றி, இங்கே இறங்கும்போது ஈரத்துணியாக இருக்கும். மழையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனால் அதுவும் இல்லை. பல நாள் சோறும் மஞ்சள் தண்ணீரும்தான் சாப்பாடு. பிள்ளைகள் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். வயிறு நிறைந்ததால் நாங்களும் திருப்திப்பட்டுக்கொண்டோம்.

3. இனிமேல் எழுதப்போவதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர்ப் பனியைத் தாங்கள் அறிந்திருக்க வேண்டும். கார்த்திகை தொடங்கினால் மாலை ஐந்து மணிக்குப் பனி பள்ளத்திலிருந்து ஏறி வரும். முதலில் காபிச் செடிகளின் கால்கள் மறையும், பிறகு சில்வர் ஓக் மரங்களின் இடுப்பு, பிறகு கோயில் மணிக்கூண்டு. ஜன்னல் வழியே பள்ளிக்குள் வந்து கரும்பலகை எழுத்தையும் அழித்துவிட்டுப் போகும். பக்கத்தில் நிற்பவர் குரலாக மட்டும் இருப்பார். அந்த நேரத்தில் ஊரே கனவில் நடப்பது போல இருக்கும். கீழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் இதைப் பார்த்து மயங்கிப் படம் பிடிக்கிறார்கள். எங்களுக்கு அது அன்றாடம். பனிமலையில் பிறந்த யாரும் பனியைச் சந்தேகப்படுவதில்லை.

4. பள்ளி நான்கு மணிக்கு விடும். தாய்மார்கள் பழம் பறித்து எடை போட்டு முடிக்க ஆறு ஆகும். அதுவரை பிள்ளைகள் பள்ளித் தாழ்வாரத்தில் இருந்துவிட்டு, பிறகு எடைக் கொட்டகைக்கு வரிசையாக வருவார்கள். ஒருவர் சட்டையின் பின்பக்கத்தை அடுத்தவர் பிடித்துக்கொண்டு, முன்னால் இருப்பவர் வாயால் ஹாரன் அடித்துக்கொண்டு வருவார்கள். இதற்குப் பஸ் விளையாட்டு என்று பெயர். முன்னால் வருகிறவர் டிரைவர். கடைசியில் எப்போதும் செல்வமேரியின் மகள் மரியசெல்வி இருப்பாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. “கடைசி சீட்டு கண்ணு வந்துருச்சா?” என்று நாங்கள் கேலி செய்வோம். அவளும் சிரிப்பாள். அந்த விளையாட்டை இரண்டு வருடம் ரசித்தோம் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

5. 1986 ஜனவரி 17, வெள்ளிக்கிழமை. பொங்கல் முடிந்த வாரம். அன்று மாலை காற்று பனியைத் துடைத்து எடுத்துவிட்டது. அந்த மாதத்தில் அது அபூர்வம். வானம் கழுவிய தட்டு போல இருந்தது. கீழே சேலம் டவுன் விளக்குகள் சிந்திய பொரி போலக் கிடந்தன. யாருடைய விரலிலோ முள் குத்தியதற்குக் கட்டுப் போட நான் எடைக் கொட்டகையில் இருந்தேன். பஸ் வந்து நின்றது. மரியசெல்வி முன்னால் இருந்தவள் சட்டையை விட்டுவிட்டு அப்படியே நின்றாள். அவள் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்: “நர்சம்மா, இன்னைக்குப் பனி நொம்ப எறங்கிருச்சுங்க. எங்கம்மா எங்கீங்க நிக்குது?”

அவள் அம்மா நான்கு முழத் தூரத்தில், இடுப்பில் கூடையோடு, அவளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

6. செல்வமேரி கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து மகள் முகத்துக்கு நேரே கையை ஆட்டினாள். அந்தக் கண்கள் அசையவில்லை. நான் மற்ற பிள்ளைகளைக் கேட்டேன். பனி இருக்கிறது என்று சொன்னவர்கள் பதினோரு பேர். கண்ணிமையை விலக்கிப் பார்த்தபோது நான்கு பேருக்கு வெள்ளை விழியில் நுரை ஒட்டியது போன்ற புள்ளி இருந்தது. அது மாலைக்கண். தட்டில் பச்சையும் மஞ்சளும் இல்லாத பிள்ளைகளுக்கு வருவது. இருட்டத் தொடங்கினால் பார்வை போய்விடும். கவனிக்காமல் விட்டால் பகலிலும் திரும்பாது.

ஐயா, எஸ்டேட் மருந்தகத்தில் நான் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள். இந்த நோயின் பெயர், அறிகுறி, மருந்து எல்லாம் மனப்பாடம். “சாயங்காலமானா இதுக்கு ஒண்ணுந் தெரியமாட்டேங்குதுங்க” என்று செல்வமேரி முந்தின வருடமே என்னிடம் சொன்னாள். பனிதான், குல்லாய் போட்டு அனுப்பு என்று சொல்லி இருமல் மருந்து கொடுத்தனுப்பினேன். என் சொந்தக் கையால் கொடுத்தேன். கீழ்நாட்டில் ஒரு பிள்ளை இருட்டில் தடுமாறினால் பெற்றவள் அன்றே கண்டுபிடித்துவிடுவாள். எங்கள் ஊரில் பனி வந்து எல்லோரையும் சேர்த்து மறைத்தபடியால், எங்கள் பிள்ளைகளுக்குள் இறங்கிய பனி எங்களுக்குத் தெரியவில்லை. இந்த மனுவில் தவறு செய்தவர்கள் என்று யாரையாவது எழுத வேண்டுமென்றால் முதலில் என்னை எழுதிக்கொள்ளவும்.

7. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் மறுநாளே நடந்து வந்து பதினோரு பேருக்கும் சொட்டு மருந்து கொடுத்தார். அவருக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம். போகும்போது, “இந்த மருந்து ஆறு மாசம் தாங்கும். அதுக்கப்பறம் பார்வை தட்டுலதாம்மா இருக்குது” என்றார். அவர் சொன்ன அந்தத் தட்டுக்காகத்தான் இந்த நிலத்தைத் தொட்டோம். பள்ளியை ஒட்டிக் கல்லும் உண்ணிமுள்ளுமாகக் கிடந்த இடம். தலைமையாசிரியர் எழுதிக் கொடுத்த அனுமதிக் கடிதம் இணைப்பில் உள்ளது. அந்த வருடம் ஜூன் மழைக்குள் கல்லைப் பொறுக்கி, பழத்தோல் எருவைப் போட்டு, தண்டுக்கீரை, பண்ணைக்கீரை, மணத்தக்காளி, கேரட், மஞ்சள் பூசணி, அவரை, சாமை எல்லாவற்றையும் கலந்து விதைத்தோம். வரிசை கிடையாது. சாமை கீழே, அவரை மேலே, பூசணி எல்லார் மேலேயும் என்பது வெள்ளையனின் முறை. ஒன்றின் பூச்சி இன்னொன்றிடம் போகாது என்பது அவர் கணக்கு. இதுவரை கணக்குத் தப்பவில்லை. முருங்கை மட்டும் இந்தக் குளிரில் முறைத்துக்கொண்டு நிற்கும், வளராது. அதன் இலையை அடிவாரக் குப்பனூரிலிருந்து ஒரு புண்ணியவதி காலை பஸ்ஸில் அனுப்புகிறாள்.

8. சத்துணவுச் சமையலர் பழனியம்மாள் தினமும் காலை எட்டு மணிக்குப் பனிக்குள் போய், மடி நிறையப் பறித்துக்கொண்டு வருவாள். அவள் முகம் தெரியுமுன் கீரை வாசனை வரும். கீரையில் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றினால்தான் அதிலுள்ள சத்து கண்ணுக்குப் போகும் என்று அவளிடம் ஒரு தடவை சொன்னேன். ஒரு நாளும் மறந்ததில்லை. வெள்ளிக்கிழமை சாமைச் சோறு, பூசணிக் குழம்பு. அன்று பள்ளிக்கு வராத பிள்ளையே கிடையாது.

சொட்டு மருந்து கொடுத்த அடுத்த வாரம் மரியசெல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு எடைக் கொட்டகை வாசலில் நின்றேன். ஆறரை மணி. பனி அப்போதுதான் விலகியது. அவள் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நர்சம்மா, கீழயும் ஒரு வானம் இருக்குதுங்களே!” என்றாள். விவரம் தெரிந்த நாளாக அவள் சேலத்து விளக்குகளைப் பார்த்ததே இல்லை. அங்கே ஊர் இருக்கிறது, மனுசர் விளக்கு ஏற்றியிருக்கிறார்கள் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. அங்கேயும் பிள்ளைகள் அண்ணாந்து நம்மைப் பார்ப்பார்கள் என்று சொன்ன பிறகு கையை ஆட்டினாள். அழுதது நான்தான். செல்வமேரி அழவில்லை, அவள் மகளின் தலையில் கை வைத்துக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றாள். தாங்கள் ஆட்சித் தலைவராக இருந்து பார்த்துக்கொள்ளும் நகரம் எங்கள் பிள்ளைகளுக்குக் கீழ்வானமாக இருக்கிறது என்பதைத் தங்களுக்குத் தெரிவிப்பதில் மகிழ்ச்சி அடைகிறேன்.

9. 1987 ஜூனில் டாக்டர் மறுபடி எல்லாப் பிள்ளைகளையும் சோதித்தார். ஒருவருக்கும் மாலைக்கண் இல்லை. இந்த ஜனவரியில் வேறு ஊரிலிருந்து குடிவந்த அக்காவும் தம்பியுமாக இரண்டு பேருக்கு மட்டும் இருந்தது. மருந்து கொடுத்துத் தெளிந்துவிட்டது. அந்த மருந்தின் ஆறு மாதம் வரும் ஜூலையில் முடிகிறது. இந்த மாதத்தைத் தாங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

10. 9.3.1988 அன்று அலுவலர் ஒருவர் பள்ளியைப் பார்வையிட வந்தார். அவர் பெயரையும் அலுவலகத்தையும் நான் எழுதவில்லை. நல்ல மனிதர், பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். முதல் மழை பெய்து ஒன்பதாம் நாள் அது. மலை முழுதும் காபி பூத்திருந்தது. பனியும் வெள்ளை, பூவும் வெள்ளை, வாசனையில் தலை சுற்றும். அந்த மயக்கத்தோடு அவர் எங்கள் நிலத்தைப் பார்த்தார். மார்ச் மாதத்தில் அது பார்க்கச் சகிக்காது என்பதை நான் மறைக்கப்போவதில்லை. மிக நல்ல செடிகளை அப்போதுதான் பறிக்காமல் விதைக்கு விடுவோம். தண்டுக்கீரை ஆள் உயரம் வளர்ந்து சாய்ந்து கிடக்கும். அவரைக் காய் பறிக்காமல் வெளுத்துத் தொங்கும். பிரசவ நேரத்தில் ஒருத்தியைப் பார்த்து அழகாயில்லையே என்று சொல்வார்களா? அவருக்கு அது தெரிய நியாயமில்லை. “இதெல்லாம் என்னம்மா?” என்று பழனியம்மாளைக் கேட்டார்.

பழனியம்மாள் சொன்ன பதில்: “அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க சார். தானா மொளைச்சுக் கெடக்குதுங்க. வெறுங் களைங்க.”

11. அவள் பொய் சொல்லவில்லை, ஐயா. எங்கள் பக்கத்தில் பிள்ளை உண்ணும் உணவை யாராவது புதியவர் உற்றுப் பார்த்துக் கேட்டால், நான் நட்டேன், நன்றாக விளைந்தது என்று பெண்கள் சொல்லவே மாட்டார்கள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பது அவர்களுக்குச் சட்டம். கொழுகொழுவென்ற குழந்தையைக் காட்டினாலும் “நோஞ்சானுங்க” என்பார்கள். அவளும் அந்தச் சட்டப்படி நடந்தாள். அறுபத்து மூன்று பிள்ளைகளின் கண் அந்த மண்ணில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், ஆகவே வேறு கண் அதில் படக்கூடாது என்று மறைத்தாள். அலுவலரும் தம் கடமைப்படி கேட்டதைக் கேட்டபடி எழுதிக்கொண்டு போனார். அடக்கம் ஆயிரம் பொன் தரும் என்பார்கள். எங்களுக்கு அது அறிவிப்பைத்தான் தந்தது.

12. அறிவிப்பின்படி, வரும் 18-ந் தேதி திங்கட்கிழமை ஆட்கள் வந்து ‘களையையும் புதரையும்’ வெட்டி, கோடை விழாவுக்கு வரும் வண்டிகள் திரும்புவதற்கு இடமும், ஓரத்தில் செண்டுமல்லிப் பாத்தியும் அமைப்பார்கள். விருந்தாளிகள் வரட்டும். எங்கள் பெண்களில் பலர் வீட்டுப் பிள்ளைகள் ஏற்காடு ஓட்டல்களில் வேலை செய்துதான் பிழைக்கிறார்கள். செண்டுமல்லி மீதும் எங்களுக்குப் பகை இல்லை. ஆனால் எங்கள் விதை மே மாதம் பாதியில்தான் முற்றும். அதை எடுத்து ஜூன் முதல் மழைக்கு விதைத்தால் ஜூலையில் தட்டுக்குக் கீரை வரும். எங்களிடம் வாங்கிப்போய் விதைக்கிற ஆறு ஊர்ப் பள்ளிகளுக்கும் இதுதான் விதை. இந்த மாதம் வெட்டினால் ஜூலையில் தட்டு வெறும் சோறாகிவிடும். அந்த அக்கா தம்பியிலிருந்து தொடங்கி மறுபடி ஒவ்வொருவராக வரிசையின் கடைசிக்குப் போவார்கள். நாங்களும் மறுபடி பனி என்று நினைப்போமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்ய எனக்கு இன்னொரு தடவை மனசு தாங்காது.

13. அறிவிப்பைத் தலைமையாசிரியர் படித்துக் காட்டிய நாளிலிருந்து பழனியம்மாள் சரியாகச் சாப்பிடுவதில்லை. “எல்லாம் என் வாயாலதானுங்க போச்சு நர்சம்மா” என்று சமையற்கட்டில் நின்றுகொண்டு சொல்லிக்கொண்டே இருக்கிறாள். நேற்று மாலை அவளாகவே என் வீட்டுக்கு வந்தாள். மூன்று மிளகாயையும் கொஞ்சம் உப்பையும் சுற்றி அடுப்பில் போட்டாள். அது வெடித்து அடங்கும் வரை காத்திருந்தாள். பிறகு எழுதிக்கொள்ளச் சொன்னாள். வாழ்நாளில் அவள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை: “அது களை இல்லீங்க. அம்புட்டும் நாங்க நட்டதுங்க. நல்லா வெளைஞ்சிருக்குதுங்க. பிள்ளைங்க நல்லாத் திங்குதுங்க.” அதன் கீழே அவளுடைய இடது கைப் பெருவிரல் ரேகை உள்ளது. இந்த நான்கு வரியைச் சொல்ல அவள் எவ்வளவு பயந்தாள் என்பதையும் சேர்த்துத் தாங்கள் படிக்க வேண்டும்.

14. ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து,

அ) 18-ந் தேதி வெட்டுவதை நிறுத்தி உத்தரவிட வேண்டும்.

ஆ) பழனியம்மாள் முதலில் சொன்னதை நீக்கி, இணைப்பில் உள்ள அவளது வாக்குமூலத்தை ஏற்று, அந்த இருபத்திரண்டு சென்ட்டைப் பள்ளி உணவுத் தோட்டம் என்று அரசுப் பதிவில் எழுத வேண்டும். இனி வருகிற அலுவலர்கள் அவளிடம் கேட்காமல் அந்தப் பதிவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும். கேட்டால் அவள் மறுபடி களை என்றுதான் சொல்வாள்.

இ) வண்டி திரும்ப இடம் வேண்டுமென்றால், மேற்குப் பக்கம் பாறைத்திட்டு காலியாக இருக்கிறது. செண்டுமல்லிப் பாத்தியை எங்கள் சங்கப் பெண்களே சாலையோரம் போட்டுத் தருவார்கள். எருவும் எங்களுடையது.

15. கடைசியாக ஒரு வேண்டுகோள். உத்தரவு போடுமுன் தாங்களே ஒரு நாள் நேரில் வந்து பார்க்க வேண்டும். பகலில் வேண்டாம். பகலில் எங்கள் நிலம் புதராகத்தான் தெரியும், எங்கள் பிள்ளைகளும் எல்லா ஊர்ப் பிள்ளைகளையும் போலத்தான் தெரிவார்கள். மாலை ஆறு மணிக்கு வரவும். ஜீப் பள்ளி வரை வரும், ஆனாலும் தலைச்சோலையில் நிறுத்திவிட்டு முக்கால் மைல் குறுக்குப் பாதையில் நடந்து வர வேண்டுகிறேன். அந்த நேரத்தில் பனி இருந்தாலும் இருக்கும். டார்ச் லைட் தேவைப்படாது. ஜீப் நிற்கும் இடத்தில் மரியசெல்வி வந்து காத்திருப்பாள். இப்போது அவளுக்கு எட்டு வயது. பஸ்ஸுக்கு அவள்தான் டிரைவர். வழியில் வழுக்குப் பாறை எங்கே, குனிய வேண்டிய காபிக் கிளை எங்கே என்று சொல்லிக்கொண்டே முன்னால் நடப்பாள். தங்களுக்குப் பாதை தெரியவில்லை என்றால் அவள் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளலாம். அவள் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டாள்.

இடம்: கருங்காட்டுமேடு
நாள்: 6.4.1988

தங்கள் வரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) ம. அற்புதம்
செயலாளர், மலையடுப்பு உணவு நலச் சங்கம்

இணைப்பு:
தலைமையாசிரியரின் அனுமதிக் கடித நகல்.
1987 ஜூன் கண் சோதனைப் பட்டியல்.
சமையலர் பழனியம்மாளின் வாக்குமூலம், பெருவிரல் ரேகையுடன்.
தண்டுக்கீரை விதை, ஒரு சிறு பொட்டலம். முற்றாதது. தாங்கள் பார்ப்பதற்காக மட்டும் வைத்துள்ளோம், விதைத்தால் முளைக்காது. முளைக்கும் விதை மே மாதம் தயாராகும்.